வளரவில்லை என்று பிடுங்காதீர்கள்

ஏற்காட்டில் வீடு கட்டி, வாசலில் ஆசையாக ஒரு துஜாவோ தங்கநிற சைப்ரஸோ வைத்தவர்களிடம் பேசிப் பாருங்கள். "வச்சு மூணு வருசம் ஆச்சுங்க, வச்சபடியே நிக்குது" என்பார்கள். அடுத்த பேச்சு யூரியாவைப் பற்றியதாக இருக்கும். அதற்கும் அடுத்தது, செடியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு 'கிறிஸ்துமஸ் மரம்' வைக்கப்போகும் செய்தியாக இருக்கும். நாற்று விற்றவர் அதைத்தான் சொல்கிறார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவரும், பக்கத்துக் காப்பித் தோட்டத்து மேஸ்திரியும் அதைத்தான் சொல்கிறார்கள். வளராத செடி வியாதிச் செடி. வியாதிக்கு மருந்து உரம். உரத்துக்கும் அசையாவிட்டால் கடப்பாரை.

சேர்வராயன் மலையில் இன்று இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. இது முழுக்கத் தவறு என்பது என் கட்சி. மெதுவாக வளரும் ஊசியிலை மரம் வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றதாக இருப்பதே அது மெதுவாக வளர்வதால்தான். அதை அவசரப்படுத்துகிறவர்கள் அதைக் கொல்கிறார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் வைக்கிற மரமோ, இன்னும் இருபது முப்பது ஆண்டில் அவர்கள் பிள்ளைகளுக்குத் தீராத தொல்லையாக நிற்கப்போகிறது.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பழியைத் தனியாட்கள் மேல் போட முடியாது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இந்த மலை மரத்தைத் தோட்டப்பயிரின் கண்ணால்தான் பார்த்து வருகிறது. காப்பிக்கு நிழல் வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் அந்தத் தேவைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. நேராக உயரும். ஏணி போட்டுக் கிளை கழிக்கலாம். மிளகுக் கொடியை ஏற்றிவிடலாம். பணமுடை வந்தால் வெட்டி விற்கலாம். எஸ்டேட்டுக்கு அந்தக் கணக்கு சரி. மகள் கல்யாணத்துக்குள் வெட்டுக்கு வரவேண்டிய மரத்தை வேகத்தால் அளக்காமல் வேறு எதனால் அளப்பது?

அதே கோலைத் தூக்கிக்கொண்டு முப்பதுக்கு நாற்பது முற்றத்துக்குள் வந்ததைத்தான் நான் மறுக்கிறேன். வாசலில் வைக்கும் அலங்கார மரம் வெட்டி விற்பதற்கானது இல்லை. அது அளவோடு நிற்க வேண்டும். வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும். ஜன்னலை மறைக்கக் கூடாது, அஸ்திவாரத்தைத் தொடக் கூடாது. நம் காலத்துக்குப் பிறகும் இருந்தால் இன்னும் நல்லது. இவற்றில் ஒன்றுகூட வேகத்தால் கிடைப்பதில்லை. சில, வேகத்தால் கெட்டும் போகின்றன.

முதலில் 'வளரவில்லை' என்ற புகாரையே எடுத்துக்கொள்வோம். நம் நர்சரிகளில் துஜா என்று விற்பது பெரும்பாலும் கீழை துஜா. தாவரவியலில் இன்றைய பெயர் பிளாட்டிகிளாடஸ் ஓரியன்டாலிஸ். அதிலும் மஞ்சள் நுனியோடு முட்டை வடிவில் நிற்கும் குட்டை ரகங்களுக்குத்தான் கிராக்கி. அந்தக் குட்டை ரகம் பத்து ஆண்டில் இடுப்பு உயரம் வந்தால் நன்றாக வளர்ந்ததாக அர்த்தம். வருஷத்துக்கு நாலைந்து விரற்கடை. நட்ட முதல் ஒன்றிரண்டு ஆண்டில் அதுவும் தெரியாது. செடி அப்போது மண்ணுக்கடியில் வேரைப் பரப்பிக்கொண்டிருக்கும். மேலே பார்த்து நின்றால் ஒன்றும் நடக்காததுபோல்தான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. முருங்கையும் தேக்கும் இலையைக் கொட்டிக் கொட்டிப் புதிதாகப் போடுவதால் அவற்றின் உழைப்பு நம் கண்ணில் படுகிறது. ஊசியிலை மரம் ஒருமுறை போட்ட இலையைப் பல ஆண்டுகள் வைத்து ஆளும். கலிபோர்னியா மலைகளின் பிரிசில்கோன் பைன் மரத்தில் ஓர் ஊசி முப்பது ஆண்டுக்கு மேலும் உதிராமல் வேலை செய்யும். வருமானம் குறைவான இடத்தில் செலவைக் குறைத்து வாழக் கற்ற மரங்கள் இவை. அவற்றைப் பார்த்து 'சுறுசுறுப்பு போதாது' என்று தீர்ப்புச் சொல்வது நியாயமே இல்லை.

அந்தச் சிக்கனத்துக்குப் பலன் ஆயுள். எட்மண்ட் ஷுல்மன் என்ற மரவளைய ஆய்வாளர் 1950களில் அதே பிரிசில்கோன் பைன்களை ஆராய்ந்தபோது, செழிப்பான இடத்தில் நின்ற மரங்களைவிட வறண்ட, கல்லான சரிவில் திணறி நின்றவையே மிக முதியவை என்று கண்டார். அவர் கண்டெடுத்த மெதூசலா என்ற மரத்தின் வயது 4,800 ஆண்டுக்கு மேல். கனடாவில் நயாகரா பாறைச் சரிவில் வெள்ளை சீடர்கள் நிற்கின்றன. அவை துஜா இனமேதான். அவற்றில் ஆயிரம் ஆண்டைத் தாண்டியவை உண்டு. அந்தப் பாறையிலிருந்து கணக்கெடுத்த ஒரு செடி 155 ஆண்டில் பத்து சென்டிமீட்டர்தான் உயர்ந்திருந்தது. இவையெல்லாம் விதிவிலக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு, லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ரோயல் பிரீனனும் அவருடைய குழுவினரும் 2020இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டலாம். 82 மர இனங்களின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மரவளையப் பதிவுகளைப் பார்த்துவிட்டு அவர்கள் சொன்னது இதுதான்: இளமையில் வேகமாக வளர்ந்த மரம் சீக்கிரம் சாகிறது. வெவ்வேறு இனங்களுக்கிடையே மட்டுமில்லை, ஒரே இனத்துக்குள்ளும் அப்படித்தான்.

நம் வாசல் துஜாவுக்கும் அந்தப் பரம்பரைதான். சீனாவில் இதே கீழை துஜாவைக் கோயில் முற்றங்களிலும் சமாதிகளிலும் தொன்றுதொட்டு நட்டு வந்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு கண்ட மரங்கள் அங்கே இன்றும் நிற்கின்றன. பெய்ஜிங் நகரத்தின் மரமாக அறிவிக்கப்பட்ட இரண்டில் இது ஒன்று. அந்த மரத்தைத்தான் நாம் மூன்று மழைக்காலம்கூடப் பொறுக்காமல் பிடுங்குகிறோம்.

அப்படியானால் ஏற்காட்டில் துஜாக்கள் சாகவே இல்லையா? சாகின்றன, நிறையவே சாகின்றன. மெதுவாக வளர்வதால் சாகவில்லை என்பதுதான் விஷயம். செத்த செடி ஒன்றைப் பிடுங்கி, வேரில் ஒட்டிய மண்ணைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் திரும்பத் திரும்ப வரும் காட்சி இது: நட்டு மூன்று ஆண்டான பிறகும் வேர்கள் பாலிதீன் பையின் வடிவத்திலேயே, அடியில் வட்டமாகச் சுருண்டு கிடக்கும். பையிலிருந்து எடுத்தபோது யாரும் அந்தச் சுருளைப் பிரித்துவிடவில்லை, கத்தியால் கீறியும் விடவில்லை. தண்டும் வேரும் சேரும் கழுத்து, மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் புதைந்திருக்கும். அந்த இடத்துப் பட்டையை விரலால் தேய்த்தால் கறுத்து, வழுக்கிக்கொண்டு, உரிந்து வரும். பக்கத்து மண் ஊட்டமான மேல்மண்ணாகவும் இருக்காது. சரிவை வெட்டி மனை சமன் செய்தபோது மேல்மண் எல்லாம் அடியில் போய், அடியிலிருந்த இறுகிய செம்மண் மேலே வந்திருக்கும். மழையில் அதில் தோண்டிய குழி தண்ணீர்த் தொட்டி. கோடையில் அதே குழி சுட்ட செங்கல்.

அந்தக் குழிக்குள்தான் மேலே இருந்து யூரியாவைக் கொட்டுகிறார்கள். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. வேர் சுருண்டு, கழுத்து அழுகிக்கொண்டிருக்கும் செடிக்கு அது உணவாகாது. இருக்கும் கொஞ்ச நஞ்ச உறிஞ்சு வேரையும் கருக்கும். தப்பிப் பிழைத்து ஒரு தளிர் போட்டாலும் அது நீண்டு, மெலிந்து, சாறு நிறைந்து நிற்கும். பிப்ரவரியிலிருந்து கோடை மழை வரும்வரை இந்த மலையில் சிவப்புச் சிலந்திப்பேனுக்குப் பருவம். அந்தப் பூச்சிக்குத் தழைச்சத்து மிகுந்த இளந்தளிரைவிடப் பிடித்தது வேறொன்றும் இல்லை. பச்சை வெளிறி, தூசி படிந்ததுபோல் பழுப்பாகும்போது வீட்டுக்காரர் 'வெயில் தாங்கவில்லை' என்று இன்னும் தண்ணீர் விடுகிறார். ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்து இரண்டு தட்டுத் தட்டியிருந்தால், தாளில் புள்ளி புள்ளியாய் ஊர்வதைப் பார்த்திருக்கலாம். காலையில் குழாய்த் தண்ணீரை இலைகளின் அடிப்புறம் படும்படி வாரம் இரண்டு முறை பீய்ச்சினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

மண்ணுக்குள் நடக்கும் இன்னொரு சங்கதியையும் உரப் பேச்சு மறைத்துவிடுகிறது. ஊசியிலை மரங்களின் வேர்கள் தனியாக உண்பதில்லை; பூஞ்சைகளோடு கூட்டுச் சேர்ந்தே மணிச்சத்தை எடுக்கின்றன. வெப்பநாடுகளில் பைன் நட ஆரம்பித்த காலத்தில் நாற்றுகள் மஞ்சளித்து நின்றன. பழைய பைன் தோப்பிலிருந்து பூஞ்சையுள்ள மண்ணை அள்ளிவந்து கலந்த பிறகே அவை நிமிர்ந்தன. துஜாவும், பின்னால் சொல்லப்போகும் போடோகார்ப்பஸ் என்ற ஊசியிலை மரமும் வேறு வகைப் பூஞ்சையோடு இதே உறவை வைத்திருக்கின்றன. டி.ஏ.பி. உரத்தை அளவில்லாமல் கொட்டினால் அந்தக் கூட்டு தளர்ந்துபோகும். மட்கிய இலையும் நன்றாக மக்கிய தொழு உரமும் போதும் என்று பழைய தோட்டக்காரர்கள் சொன்னதில் காரணம் இல்லாமல் இல்லை.

இனி கவாத்து. இந்த மலையில் கவாத்து என்றால் காப்பிக் கவாத்துதான். காப்பிச் செடியை எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் துளிர்க்கும். அடிக்கட்டையாக வெட்டினாலும் துளிர்க்கும். சில்வர் ஓக்கும் கிளை கழித்த இடத்தில் மறுபடி வெடிக்கும். இந்தப் பழக்கத்தில் வந்த கை, 'வெட்டினால்தான் வேகமாகத் துளிர்க்கும்' என்று துஜாவிலும் கத்தியை வைக்கிறது. துஜா, சைப்ரஸ், ஜூனிபர், பைன் எல்லாம் பச்சை இல்லாத பழைய மரத்தண்டிலிருந்து அநேகமாகத் துளிர்க்காது. வெளிப்புறப் பச்சைக்குள் இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் வெட்டினால் உள்ளே இருக்கும் பழுப்புப் பகுதி வெளியே தெரியும். அந்த ஓட்டை அப்புறம் மூடவே மூடாது. ஒரு பக்கம் சில்வர் ஓக் நிழல் விழுந்தாலும் இதே கதைதான்: அந்தப் பக்கம் பச்சை போய்விடும், பிறகு அந்த சில்வர் ஓக்கையே வெட்டி வெயில் விட்டாலும் திரும்பாது. செடியின் உட்புறத்து இலைகள் ஆண்டுக்கொருமுறை பழுத்து உதிர்வது மட்டும் இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து மருந்தடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மருந்துக் காசு வீண்.

பொதுக்கருத்தின் இன்னொரு கால், 'மலை என்றால் குளிர். ஊட்டியில் வளர்வது இங்கேயும் வளரும்' என்ற நம்பிக்கை. ஏழைகளின் ஊட்டி என்று ஊருக்குப் பட்டம் கட்டியதன் விளைவு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியே 1,620 மீட்டரை ஒட்டித்தான். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல் மேல் உறைபனி படியும். ஏற்காட்டில் ஸ்வெட்டர் போடலாம், உறைபனி கிடையாது. ஸ்ப்ரூஸ், ஃபிர் போன்ற வடநாட்டு மரங்களுக்கு மொட்டு விழிக்க நீண்ட கடுங்குளிர் வேண்டும். அந்தக் குளிர் கிடைக்காத இடத்தில் அவை தூங்கவும் தூங்காமல் விழிக்கவும் விழிக்காமல் நலிந்து போகும். வாழ்த்து அட்டையில் பார்த்த மரத்தைத் தேடி, குட்டை ஸ்ப்ரூஸை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி ஏற்காட்டுக்குக் கொண்டுவருவது வீண். அது சாவதற்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டியதில்லை.

இதிலிருந்து 'ஊசியிலை மரமே நமக்கு ஒத்துவராது' என்று எதிர்ப்பக்கம் தாவுகிறவர்களும் தவறு செய்கிறார்கள். ஊசியிலை மரங்களில் வெப்பநாட்டு வாசிகளும் நிறைய உண்டு. பசிபிக்கில் உள்ள நியூ கலிடோனியா என்ற வெப்பமண்டலத் தீவில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட ஊசியிலை இனங்கள் உண்டு; அத்தனையும் அந்தத் தீவுக்கே உரியவை. உலகத்தில் இருக்கும் ஏறக்குறைய இருபது அரோகேரியா இனங்களில் பதினான்கு அங்கேதான். சேலத்தைவிடக் குளிர்ந்தது, ஊட்டியைவிட மிதமானது என்பதால்தான் ஏற்காடு இந்த வகை மரங்களுக்கு ஏற்ற ஊராக இருக்கிறது. குளிரைக் கணக்கில் வைத்துத் தேர்ந்தெடுத்தால் தோற்போம். மழையையும் வடிகாலையும் கணக்கில் வைத்தால் ஜெயிப்போம்.

அரோகேரியாவைச் சொன்னதும் 'அதைத்தானே நாங்கள் வைக்கிறோம்' என்பார்கள். ஆமாம், வீட்டுச் சுவருக்கு நாலடி தள்ளி வைக்கிறீர்கள். அதுதான் என் கவலை.

நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்ற பெயரில், அடுக்கடுக்கான விசிறிக் கிளைகளோடு தொட்டியில் அழகாக நிற்கும் கன்று, அநேகமாகக் குக் பைன், அரோகேரியா காலம்னாரிஸ். நார்ஃபோக் தீவு பைன் என்று சீட்டு எழுதியிருந்தாலும் பெரும்பாலும் இதுதான். 1774இல் கேப்டன் ஜேம்ஸ் குக் தன் இரண்டாவது பயணத்தில் நியூ கலிடோனியாவுக்குத் தெற்கே ஒரு சின்னத் தீவைத் தூரத்திலிருந்து பார்த்தபோது அங்கே நெட்டுக்குத்தாக நின்றவை இவைதான். அதனால் அந்தத் தீவுக்குப் பைன் தீவு என்றே பெயராயிற்று. கடலிலிருந்து பார்த்தாலே தெரியும் உயரம். சொந்த மண்ணில் அறுபது மீட்டர் வரை போகும் மரம் இது. பழைய பங்களா வளாகங்களில் ஏக்கர் கணக்கான புல்வெளிக்கு நடுவில் அது கம்பீரமாக நிற்பதைப் பார்த்து நாமும் ஆசைப்படுகிறோம். ஆசையில் தவறில்லை, இடத்தில்தான் தவறு. தொட்டியில் இருக்கும்வரை மெதுவாக வளர்வதுபோல் பாவனை செய்யும். தரையில் வேர் இறங்கியதும் வீட்டைத் தாண்டும்.

அது நேராகவும் நிற்காது. கலிபோர்னியாவைச் சேர்ந்த மேட் ரிட்டரும் சக ஆய்வாளர்களும் ஐந்து கண்டங்களில் 256 குக் பைன்களை அளந்து 2017இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இந்த மரம் எங்கே நட்டாலும் பூமத்திய ரேகையை நோக்கிச் சாய்கிறது; சராசரிச் சாய்வு 8.55 பாகை. நாம் ரேகைக்கு வடக்கே இருப்பதால் இங்கே தெற்கே சாயும். வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டி இதை வைத்தவர் கூரையை நோக்கிச் சாயப்போகும் மரத்தை வளர்க்கிறார். பிறகு பயந்து உச்சியை வெட்டுவார்கள். உச்சி வெட்டிய அரோகேரியா தன் வடிவத்தை நிரந்தரமாக இழந்துவிடும். முழுமரத்தையும் எடுக்க நினைத்தாலோ, மலைப்பகுதிகளில் சொந்த நிலத்து மரத்தை வெட்டுவதற்கும் அனுமதி கேட்கச் சொல்லும் 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம்தான். இடமறியாமல் நட்டவருக்கு அது கால்கட்டு.

ஆக, 'வளரவில்லை' என்ற செடியைப் பிடுங்கி 'வளர்கிற' மரத்தை வைத்ததில் நேர்ந்தது இவ்வளவும்.

எதை வைக்கலாம் என்று கேட்டால், போடோகார்ப்பஸ் குடும்பத்தைப் பாருங்கள் என்பேன். தென் ஜப்பானிலும் தென் சீனாவிலும் வளரும் போடோகார்ப்பஸ் மாக்ரோபில்லஸ் இப்போது நம் நர்சரிகளில் கிடைக்கிறது. அரளியிலையை ஒடுக்கினதுபோன்ற அடர்பச்சை இலை, அரைநிழலையும் தாங்கும், மேலே சொன்ன கவாத்துக் கொடுமையையும் தாங்கும். பழைய தண்டிலிருந்து துளிர்க்கும் சில ஊசியிலை மரங்களில் இது ஒன்று. வேலியாக நறுக்கலாம், தனிமரமாக விடலாம். இதன் நிதானத்தை உலகம் எப்படி மதிக்கிறது என்பதற்கு ஹாங்காங்கைப் பார்த்தால் போதும். அங்கே மலைச்சரிவுகளில் பல பத்தாண்டுகளாக மெல்ல மெல்ல வளர்ந்து முறுகிய இந்த மரங்களைத் திருடர்கள் இரவில் வேரோடு தோண்டிக் கடத்துகிறார்கள்; அரசாங்கம் காவல் போட்டிருக்கிறது. நாம் குறை என்று தூக்கி எறிவதற்கு அங்கே திருட்டுச் சந்தையே நடக்கிறது.

அதைவிட நெருக்கமான உறவு ஒன்று நமக்கு உண்டு. நாகெயா வாலிச்சியானா. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், ஆனைமலையிலும் அகத்தியமலையிலும் பசுமைமாறாக் காடுகளில் தானாக வளர்வது. தென்னிந்தியக் காடுகளுக்குச் சொந்தமான ஒரே ஊசியிலை மரம் இதுதான். ஊசியிலை என்கிறோமே தவிர, இலை அகலமாக, நடுநரம்பே இல்லாமல், நெடுக்கில் இணைகோடுகளாக நரம்போடி, மூங்கிலிலை போலத் தோன்றும். கிளையைப் பார்க்கிற யாரும் இதைப் பைனுக்கு உறவு என்று நம்ப மாட்டார்கள். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காட்டில் பெரிய மரங்களின் நிழலில் பொறுமையாக உயர்ந்து, காலப்போக்கில் பெருமரமாகும். ஆகவே இதற்கும் சுவரிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி இடம் விட வேண்டும். அந்தக் காடுகளின் மழை ஏற்காட்டில் இல்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மூடாக்கும், வாரம் ஒருமுறை நல்ல ஊறல் தண்ணீரும் வேண்டும். சில்வர் ஓக் நிழல் விழும் முற்றத்தில் துஜா தோற்கும். அந்த இடம் இளம் நாகெயாவுக்கு ஒத்துவரும்.

என்னை மறுப்பவர்களின் வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அந்நிய மரங்களை நட்டுப் புல்வெளியையும் சோலையையும் அழித்தோம். பைன், சீகை, தைலமரம் எல்லாவற்றையும் அகற்றச் சொல்லி வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்விட்டது. இந்த நிலையில் வீட்டுக்கு வீடு ஊசியிலை மரம் வைக்கச் சொல்கிறாயா என்பது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த நாசத்தைச் செய்ததும் வேகம்தான். சீக்கிரம் மரம், சீக்கிரம் விறகு, சீக்கிரம் கூழ் என்று கேட்ட காலத்தில்தான் அவை மலை மலையாக நடப்பட்டன. விதை பரப்பிக் காட்டுக்குள் புகும் பைன் வகைகளை வீட்டிலும் வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். முற்றத்தில் ஒற்றையாக நிற்கும் குட்டை துஜா இந்த மலையில் விதை விழுந்து காடாகி நான் கண்டதில்லை. நாகெயாவோ நம் மாநிலத்துக் காட்டு மரம். காட்டிலிருந்து கன்றைத் தோண்டி வராமல் விதையிலிருந்து வளர்த்ததை வைக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

'அது மரமாவதற்குள் நான் இருக்க மாட்டேனே' என்பது இன்னொரு வாதம். இந்த வாதம் மாவுக்கும் பலாவுக்கும் பொருந்தும், காய்க்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால். மெதுவாக வளரும் அலங்கார ஊசியிலைச் செடிக்குப் பொருந்தவே பொருந்தாது. முழங்கால் உயரத்திலேயே அதன் வடிவம் முழுமையாக இருக்கிறது. அடுக்கு, நிறம், நுனி எல்லாம் முதல் நாளிலிருந்தே கண்ணுக்குக் கிடைக்கின்றன. காத்திருக்க வேண்டியது எதற்கு? வருஷா வருஷம் கத்தி எடுக்க வேண்டாம், குப்பை பெருக்க வேண்டாம், ஆள் கூப்பிட்டு ஏணி போட வேண்டாம். மலைவாழ் மலையாளி மக்கள் இந்தச் சேர்வராயனில் கோயில் காடுகளைக் கிளை ஒடிக்காமல் காத்து வந்திருக்கிறார்கள். அங்கே நிற்கும் மரங்களைப் பார்த்து 'இது எத்தனை அடி வளர்ந்தது இந்த வருஷம்' என்று யாரும் கேட்டதில்லை.

நடுவதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூனில் நடுங்கள், கனமழை நாட்களைத் தவிர்த்து. குழி ஆழத்தைவிட அகலம் முக்கியம். இறுகிய செம்மண்ணாக இருந்தால் தரைக்கு மேல் ஒரு முழம் மேடு கட்டி அதில் வையுங்கள். சுருண்ட வேரை நாலு இடத்தில் நெடுக்காகக் கீறிப் பிரித்து விடுங்கள். கழுத்து வெளியே தெரியட்டும். மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். துஜாவுக்கு அரைநாள் வெயிலாவது வேண்டும். காட்டெருமை வரும் பக்கம் என்றால் ஐந்தாறு ஆண்டு கம்பி வேலி கட்டாமல் முடியாது, மிதித்தால் போச்சு. பிறகு வருஷத்துக்கொருமுறை அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து வையுங்கள். செடி வளர்கிறதா என்பதற்கு அதுவே சாட்சி சொல்லும்.

ஏற்காட்டில் தாவர ஆய்வுத் துறையின் பூங்கா 1963 முதல் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. இந்த இரண்டு இடங்களும் நாகெயாவை விதையிலிருந்து நாற்றாக்கிப் பொதுமக்களுக்கு விற்க முன்வர வேண்டும். மே மாதக் கோடை விழாவில் அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி வைக்கும்போது, பூக்களால் பொம்மை கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வரிசை ஊசியிலைச் செடிகளையும் வைத்து, முதிர்ந்தால் எந்த அளவு என்று எழுதிப்போட்டால் எத்தனையோ சுவர் பிழைக்கும். நர்சரிக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு, அதை நிறைவேற்றச் செய்வது வாங்குகிறவர் கையில்தான் இருக்கிறது. பத்து ஆண்டில் எவ்வளவு உயரம், முழு வளர்ச்சியில் எவ்வளவு உயரம் என்ற இரண்டு எண்களையும் எழுதித் தராத இடத்தில் ஊசியிலைச் செடி வாங்காதீர்கள்.